நாலுவழிச் சாலையில் கிளித்தட்டு

சுவருக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் தஞ்சாவூர்ப் பக்கம் இரண்டு பதில் வரும். பத்திரத்தில் பெயர் இருக்கிறவர் ஒருவர். அதில் முதலில் வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயரையும் வருஷத்தையும் போட்டு, ‘ரிசர்வ்’ என்று எழுதி வைத்தவர் இன்னொருவர். தேர்தல் வந்துவிட்டால் இரண்டாமவர் பேச்சுத்தான் செல்லும். ரிசர்வ் ஆன சுவரில் மாற்றுக் கட்சிக்காரர் பிரஷ்ஷை வைத்தால் மண்டை உடையும். உடைந்தும் இருக்கிறது. வீட்டுக்காரர் பாவம், காலையில் வெளியே வந்து பார்த்துத்தான் தாம் இந்த வருஷம் எந்தக் கட்சி என்று தெரிந்துகொள்வார்.

கருக்கங்குடி காலனித் தெரு வீரையன் அந்த ‘ரிசர்வ்’ என்ற சொல்லை எழுதியே தலை நரைத்தவர். இரண்டு கழகங்களுக்கும் எழுதியிருக்கிறார். எழுத்தில் பாரபட்சம் காட்டியது கிடையாது. ஆனால் சமீப வருஷங்களில் எழுதியதெல்லாம் ஒன்றியச் செயலாளர் கோவிந்தராசு கொடுத்த வேலைதான். மேலத்தெருக்காரர், நஞ்சை நிலம் நிறைய உள்ளவர், கட்சியில் செல்வாக்கானவர். வீரையனின் அப்பா, கோவிந்தராசுவின் அப்பாவை ‘ஆண்டே’ என்றுதான் கூப்பிட்டார். வீரையன் இவரை ‘அண்ணே’ என்று கூப்பிடுகிறார். அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை ஊர்வலம், எத்தனை சிறை! கட்சி கொடுத்த பெரிய வரவு அது. இருந்தாலும் அண்ணன் தம்பிக்கு டீ வாங்கிக் கொடுத்தால் கிளாஸை மேசைமேல் வைப்பாரே தவிர கையில் கொடுக்கமாட்டார். வீரையனும் மேசையிலிருந்து எடுத்துக்கொள்வார். இருவருக்கும் பழகிவிட்டது.

அந்த ஊருக்கு நாலுவழிச் சாலை வந்தது. தஞ்சாவூரில் கிளம்பினால் நாகப்பட்டினம் போய்க் காலை நனைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாமாம். கார் வைத்திருப்பவர்களுக்குச் சொன்ன சேதி அது. கருக்கங்குடியில் கார் வைத்திருந்தவர் கோவிந்தராசு ஒருவர்தான். மற்றவர்களுக்கு இருந்தது கால்கள், சில பழைய மொபெட்டுகள், காலையும் சாயங்காலமும் வந்து போகும் டவுன் பஸ். பெண்களுக்குப் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று அறிவித்த மறு வருஷம், இனி பஸ் புதுச்சாலையோடு போகும், கருக்கங்குடியில் நிற்காது என்று சொல்லிவிட்டார்கள். இலவசம் பத்திரமாக இருந்தது. பஸ்தான் இல்லை.

பஸ் போனால் போகிறது என்று விடலாம், நிலத்தை அப்படி விட முடியுமா? காலனித் தெரு சாலைக்கு வடக்கே இருந்தது. அவர்களுடைய நிலம் தெற்கே. அரை ஏக்கரும் முக்கால் ஏக்கருமாகத் துண்டு நிலங்கள்; அந்தக் காலத்தில் உச்சவரம்புக்கு மேலே இருந்ததை மீட்கிறோம் என்று கொடி நட்டு, வழக்கு வாங்கி, போலீஸ் காவலோடு அறுத்து, கடைசியில் பட்டா கைக்கு வந்த நிலங்கள். கூலிக்கு நட்டவர்களின் பிள்ளைகள் சொந்தத்துக்கு நட ஆரம்பித்த பூமி. நாற்றங்கால் மட்டும் வடக்கே, மோட்டார் பக்கத்தில். ஐப்பசி பிறந்தால் பெண்கள் நாற்றைப் பறித்து, கட்டுக் கட்டாக முடி கட்டி, தலையில் தூக்கிக்கொண்டு தெற்கே போய் நடுவார்கள். அந்தப் பாதையின் குறுக்கேதான் சாலை படுத்திருந்தது.

சாலையின் நடுவே இடுப்பு உயரத்துக்குக் கான்கிரீட் சுவர். கருக்கங்குடிக்கு நேரே மட்டும், வேலை நடப்பதற்காக ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். திறப்பு விழா முடிந்த கையோடு அதையும் அடைப்பதற்குக் கட்டைகள் செய்து ஓரமாக அடுக்கியிருந்தார்கள். அடைத்துவிட்டால் அடுத்த திருப்பம் மூன்று கிலோமீட்டர் தள்ளி. தலையில் நீர் சொட்டும் நாற்றோடு மூன்று போய், மறுபடி மூன்று வர வேண்டும். அடியில் ஒரு சுரங்கப்பாதை போட்டுத் தாருங்கள், அதுவரை இடைவெளியை அடைக்காதீர்கள் என்று மனு கொடுத்துக் கொடுத்துத் தெருவே அலுத்துப்போயிருந்தது.

முன்னால் நின்று மனு கொடுத்தவர் வீரையனின் அக்கா கண்ணாத்தாள். நடவுப் பெண்களுக்குத் தலைவி. தாயில்லாத வீரையனை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். சாலை வேலை நடக்கும்போதே, எதிர்த்திசையில் வந்த சாலைக் கம்பெனி ஜீப் ஒன்று அவரைத் தட்டிவிட்டுப் போனது. எலும்பு கூடியது, ஒரு கால் குட்டையாகிவிட்டது. சாலைப் பொறியாளர் ஒருமுறை வந்தபோது அவரிடம் பொறுமையாகத்தான் விளக்கினார்.

“டிராபிக் கணக்கு எடுத்துப் பாத்துட்டோம்மா. இந்த இடத்துல திரும்புற வண்டி ரொம்பக் கம்மி. கிராஸிங் குடுக்க ரூல் இல்ல.”

“ஆளுங்கள எண்ணுனீங்களா?” என்று கேட்டார் கண்ணாத்தாள்.

“அது வண்டிக் கணக்கும்மா.”

அவர் கெட்டவர் இல்லை. அவரிடம் இருந்த கணக்கில் மனிதர்களுக்குக் கட்டம் இல்லை, அவ்வளவுதான். எனக்கு இப்படிப்பட்டவர்கள்மேல்தான் அதிகம் கோபம் வரும். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டாவது ஆறுதல் அடையலாம்.

திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருகிறார் என்று முடிவானதும் கோவிந்தராசு வீரையனைக் கூப்பிட்டு, நடுச்சுவர் முழுக்க ‘வருக வருக’ எழுதச் சொன்னார். நீலம் தோய்த்த கயிற்றோடும் பெயிண்ட் டப்பாக்களோடும் வீரையன் வெறும் சாலையில் ஏறி நின்றார். வண்டி இல்லாத அகலமான தார், ஓரத்தில் ஒரு வெள்ளைக்கோடு, உள்ளே ஒன்று, நடுச்சுவர், அந்தப் பக்கமும் அதே மாதிரி. சுவரைப் பார்த்துப் பழகிய கண் அல்லவா, கோடுகளைப் பார்த்ததும் அவருக்குக் கிளித்தட்டு ஞாபகம் வந்தது. பாதி ஆட்டத்தைக் கம்பெனிக்காரனே வரைந்து வைத்திருக்கிறான்!

கிளித்தட்டு அறுவடைக்குப் பின் வயலில் ஆடும் ஆட்டம். குறுக்கே வரிசையாகக் கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு காவல்காரன்; அவன் தன் கோட்டின் மேலேதான் ஓட வேண்டும், விலகக் கூடாது. எல்லாக் கோடுகளையும் அறுத்துக்கொண்டு நடுவே ஒரு கோடு. அதில் ஓடுகிறவன்தான் கிளி. எதிர் அணி அத்தனை கோடுகளையும் யார் கையும் படாமல் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். போய் வருகிறவருக்குப் பழம் என்று பேர். தொட்டால் தீர்ந்தது. தொடுவதே ஆட்டம் என்பதால்தான் வீரையனின் சிறு வயதில் மேலத்தெருப் பையன்கள் அவர்கள் திடலில் தனியாக ஆடினார்கள், காலனிப் பையன்கள் தனியாக ஆடினார்கள். ஒன்றாக ஆடும் பேச்சே எழுந்ததில்லை.

தன் கோட்டைவிட்டு விலகாமல் இரண்டு பக்கமும் பாய்கிற காவல்காரன்தானே கார்? இதை ஆடிக் காட்டினால் பொறியாளருக்குப் புரியாமலா போகும் என்று வீரையன் நினைத்தார். கயிற்றைச் சுண்டி, சாலைக்குக் குறுக்கே இரண்டு எல்லைக்கோடும் நடுவே கிளிக்கோடும் மஞ்சளில் இழுத்தார். இடைவெளிக்குப் பக்கத்துச் சுவர் முனையில், கை தன்னால் பழக்கப்பட்டதை எழுதியது: ‘இவ்விடம் கருக்கங்குடி மக்களுக்கு ரிசர்வ்.’

அன்று சாயங்காலம் தெருப் பையன்கள் இறங்கி ஆடினார்கள். அங்கேதான் காரியம் கெட்டது. பையன்கள் பிரமாதமாக ஆடிவிட்டார்கள். வளைந்தும் நெளிந்தும் ஏமாற்றியும் கோடுகளைத் தாண்டிப் பழம் பழமாக வந்து இறங்கினார்கள். யாரோ செல்போனில் எடுத்துப் போட்டார். ‘பாரம்பரிய விளையாட்டோடு புதுச்சாலையை வரவேற்கும் கிராமம்’ என்று தலைப்பு வேறு. வீரையன் கண்டனம் வரைந்திருந்தார். ஊர் உலகம் அதை வாழ்த்து மடலாகப் படித்துவிட்டது.

மறுநாள் கோவிந்தராசு காரை நிறுத்தி இறங்கியபோது, திட்டு வாங்கத் தயாராக வீரையன் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். ஆனால் கோவிந்தராசு முகமெல்லாம் சிரிப்பு.

“அசத்திட்டடா வீரையா! மந்திரி ஆபீஸ்லேருந்தே போன் வந்துடுச்சு. விழாவுல ஒங்க ஆட்டம்தான் மொத நிகழ்ச்சி.”

கூட வந்திருந்த பொறியாளரும் வீடியோவைப் பார்த்துச் சிரித்தார். “பசங்க பறக்குறானுங்க. இவங்களுக்கா கிராஸிங் வேணும்?”

வீரையன் அப்படியே நடுச்சுவர்மேல் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ பொய்யை அழகாக எழுதியவர் அவர். முதன்முதலாக ஓர் உண்மையை எழுதப் போய், அது தன் தெருவுக்கே எதிர்ச்சாட்சி ஆகிவிட்டதே என்று உடம்பெல்லாம் கூசியது.

கண்ணாத்தாள் நாற்றங்காலில் முடி கட்டிக்கொண்டிருந்தார். தம்பி சொன்னதைக் கேட்டுவிட்டு, நிமிராமலே சொன்னார்.

“நீ யார ஆட விட்ட? கொழாய்க்குத் தண்ணி புடிக்கக்கூட போவாத பயலுவள. அந்த ரோட்டத் தாண்டுறது யாரு?”

“அக்கா...”

“வெறுங்கைய வீசிக்கிட்டா தாண்டுறோம்? தலையில இத வச்சுக்கிட்டுல்ல தாண்டுறோம்.” கட்டி முடித்த நாற்றை வரப்பில் வைத்தார். “நாங்க ஆடுறோம். நானும் வர்றேன்.”

“ஒன் கால வச்சுக்கிட்டா?”

“இந்தக் கால வச்சுக்கிட்டுதான் நெதம் போறேன். யாரு கிளி?”

“நான்தான்.”

அப்போதுதான் கண்ணாத்தாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். “அப்ப ஒண்ணு கேட்டுக்க. எரக்கப்பட்டு என்னைய விட்டுடாத. நீ விட்டேன்னா, நொண்டிகூடத் தாண்டிட்டாடான்னு சொல்லி அடைச்சுப்புடுவானுவ.”

வீரையன் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டாரே தவிர, அக்காவைத் தொட்டு வீழ்த்துகிற கையை நினைத்துப் பார்க்க முடியவில்லை. இதற்குப் பிறகு கோவிந்தராசு வேலை கொடுக்கமாட்டார், அவர் சொன்னால் வேறு யாரும் கொடுக்கமாட்டார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் வீரையன் ஆட்டத்தில் இரண்டு புது விதிகளைச் சேர்த்தார். ஆடுகிற ஒவ்வொருவர் தலையிலும் நாற்றுமுடி இருக்க வேண்டும். மாட்டியவர் வெளியே போகக் கூடாது. மாட்டிய இடத்திலேயே உட்கார வேண்டும், பழமாகத் திரும்பி வருகிறவர் தொட்டால்தான் எழுந்திருக்கலாம். முதல் விதி கண்ணாத்தாளுடையது. இரண்டாவது தன்னுடையது என்று பின்னால் போலீஸ் விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார்.

கோவிந்தராசுவிடம், “கொஞ்சம் பொம்பளைங்களும் ஆடுறாங்கண்ணே” என்று மட்டும் சொல்லி வைத்தார். “மகளிர் அணி மாதிரியா? ஜோரா இருக்கும், ஆடட்டும்” என்றார் அவர்.

விழா அன்று சாலையின் இரண்டு ஓரமும் கூட்டம். தோரணம், கொடி, மைக், ஒரு ஆம்புலன்ஸ். அடைக்க வேண்டிய கட்டைகளைத் தூக்கக் கிரேன்கூடத் தயாராக நின்றது. அமைச்சரின் வண்டிகள் தஞ்சாவூரைத் தாண்டிவிட்டதாகச் சேதி வந்ததும் மைக்கில் ஆட்டத்தை அறிவித்தார்கள். பையன்கள் கோடுகளில் நின்றார்கள். வீரையன் கிளிக்கோட்டில் நின்றார்; காலையில் கோடுகளைப் புதுப்பிக்கச் சுண்டிய கயிற்று நீலம் உள்ளங்கையில் பிசுபிசுத்தது. வடக்கு ஓரத்தில் நடவுப் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகி, தலையில் நாற்றோடு வந்து நின்றார்கள். சேற்றுத்தண்ணீர் அவர்கள் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கைதட்டலில் ஒரு தயக்கம் விழுந்தது.

முதல் பெண் இறங்கினார். கோட்டுக்காரப் பையன் சிரித்துக்கொண்டே, “வா அத்தே” என்று கையைத் தாழ்த்திவிட்டான். இரண்டாமவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நல்ல பிள்ளைகள், பெற்றவளையும் சித்தியையும் எப்படித் தொட்டு அவுட் ஆக்குவார்கள்? ஒருவர், இருவர், மூவர் என்று நடுச்சுவர் வரை வந்துவிட்டார்கள். மேடையோரம் பொறியாளர் தலையாட்டி ரசிப்பதை வீரையன் பார்த்தார். அவருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

“தொடுங்கடா!” என்று கத்தினார். “காரு அத்தேன்னு பாக்குமாடா? சித்தின்னு பாக்குமா? தொடுங்கடா!”

மைக் அதையும் வாங்கி ஊருக்கே சொன்னது. பையன்கள் அரண்டு ஓடத் தொடங்கினார்கள். தலையில் பாரத்தோடு யாரால் வளைய முடியும்? ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் மாட்டினார்கள். மாட்டியவர் நாற்றை மடியில் இறக்கி, அந்தந்த இடத்திலேயே தார்மேல் உட்கார்ந்தார். இப்போது யாரும் கைதட்டவில்லை.

கடைசியாகக் கண்ணாத்தாள் இறங்கினார். ஒரு காலை ஊன்றி, ஒரு காலை இழுத்து, அவசரமே இல்லாமல் வந்தார். மறுபடியும் பையன்களின் கை வரவில்லை. முதல் கோட்டில் நின்றவன் அழுதே விட்டான். அவர் அவனைத் தாண்டினார், அடுத்தவனைத் தாண்டினார், இடைவெளிக்கு வந்தார். கூட்டத்தில் யாரோ, “பெரியம்மா வந்துட்டாங்கடா!” என்று கூவ, ஓரங்களில் கைதட்டல் கிளம்பியது. இன்னும் ஓர் அடி வைத்தால் நடுச்சுவரைத் தாண்டிவிடுவார். கிளிக்கோட்டில், எட்டிவிடும் தூரத்தில், வீரையன் நின்றார்.

அக்கா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேரே தெற்கே, நிலத்தைப் பார்த்துக்கொண்டு அந்த அடியை எடுத்து வைத்தார்.

வீரையன் பாய்ந்து தோளில் அறைந்தார். நினைத்ததைவிடப் பலமாகப் பட்டுவிட்டது. நாற்றுமுடி தலையிலிருந்து சரிந்து, கட்டு அவிழ்ந்து, பச்சையெல்லாம் கறுப்புத் தாரில் சிதறியது. கூட்டம் ‘ஐயோ’ என்றது. ஜீப் தட்டிய அன்றும் நாற்று இப்படித்தான் சிதறிக் கிடந்தது என்பது கருக்கங்குடியில் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. கண்ணாத்தாள் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

“ம். இதான்” என்றார்.

அப்போது மேற்கே சைரன் கேட்டது. வண்டிகள் வரிசையாக வந்து, சாலை முழுக்கப் பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மறியல் என்று யாரும் அறிவிக்கவில்லை, கோஷம் இல்லை, கொடி இல்லை. கோவிந்தராசு வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“என்னடா பண்ணி வச்சிருக்க? எந்திரிக்கச் சொல்லுடா!”

“நான் சொல்லி எந்திரிக்க முடியாதுண்ணே. ஒருத்தர் நாத்தத் தூக்கிக்கிட்டு அந்தாண்ட போயி, பழமா வந்து தொடணும். ஆட்டம் அப்படி.”

“வெளையாடுறியா?”

“ஆமாண்ணே.”

இன்ஸ்பெக்டர் லத்தியோடு இறங்கினார். அமைச்சர் காரைவிட்டு இறங்கி, பத்துப் பன்னிரண்டு செல்போன்கள் தம் பக்கம் திரும்புவதைக் கண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கட்டிய கைக்கு என்ன அர்த்தம் என்று கோவிந்தராசுவுக்குத் தெரியும்: உன் ஊர், நீயே தீர்த்து வை. அவர் சுற்றிலும் பார்த்தார். ஆவேசமா அவமானமா தெரியவில்லை, குனிந்து ஒரு நாற்றுமுடியை எடுத்துத் தம் தலையில் வைத்துக்கொண்டார்.

“போயிட்டு வந்து தொட்டா எந்திரிப்பீங்கள்ல?”

“எந்திரிப்போம்” என்றார் கண்ணாத்தாள்.

சேற்றுத்தண்ணீர் அவர் நெற்றியில் இறங்கி வெள்ளைச் சட்டையில் கோடு கோடாக ஓடியது. பையன்கள் பழக்கத்தில் ஒதுங்கினார்கள். ஒன்றியச் செயலாளரை எவன் தொடுவான்? அவர் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவே புகுந்து, ஒரு கையால் முடியைப் பிடித்துக்கொண்டு, இடைவெளிக்கு வந்துவிட்டார். இன்னும் பாதிதான். வீரையன் கோட்டில் நின்றார். எதிரே வருவது அவர் வீட்டு அடுப்பு. அதைவிடப் பழைய பயம் ஒன்றும் இருந்தது. அப்பாவின் முதுகு வளைந்ததும், திடலுக்கு வெளியே நின்று பார்த்ததும், மேசைமேல் வைத்த கிளாஸும் அந்தக் கையைப் பின்னால் இழுத்தன.

அக்காவையே தொட்டாயிற்று. வீரையன் கையை நீட்டி, கோவிந்தராசுவின் முதுகில் வைத்தார்.

சுரங்கப்பாதை பின்னால் வந்தது. இழுத்து இழுத்து, இரண்டு நடவு கழிந்துதான் வந்தது. அதுவரை நடுச்சுவர் இடைவெளி அடைபடவும் இல்லை, அந்த ‘ரிசர்வ்’ எழுத்தை அழிக்க ஒருவரும் பிரஷ் தூக்கவும் இல்லை. வீரையன்மேல் வழக்கு உண்டு. கட்சிச் சுவர்கள் வேறொருவருக்குப் போயின. இதெல்லாம் பின்னால் நடந்தவை. அந்த நிமிஷத்தில் அங்கே இருந்தது, வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் தெரிய ஒரு நீலக் கை அடையாளம்தான்.

கோவிந்தராசு திரும்பினார். மூச்சு வாங்கியது. வீரையனை அவர் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. அடிக்கப்போகிறார் என்று பையன்கள் கோடுகளை விட்டு ஓடி வந்தார்கள். இன்ஸ்பெக்டரும் ஓர் அடி முன்னால் வந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, அமைச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் கோவிந்தராசுவும் இந்த ஆட்டத்தை ஆடியவர்தான். தொட்டபின் தொடவில்லை என்று சாதிப்பவனை எந்தத் தெருவும் மதிக்காது என்று அவருக்கும் தெரியும்.

“மாட்டிக்கிட்டேன்” என்று மெதுவாகச் சொன்னார். தலைப்பாரத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, சூடேறிய தாரில் உட்கார்ந்தார்.

கண்ணாத்தாள் குட்டைக் காலை இழுத்து மடக்கி, அவருக்கு இடம் விட்டார்.

“நல்லாச் சம்மணம் போட்டு உக்காருங்க” என்றார். “நேரமாவும்.”